பேச்சிக் குறடு

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தாலும், வெல்லப்பாகு வாசனை மூக்கில் ஏறியதும் இறங்கிவிடலாம், அதுதான் வேம்பங்குளம். தெருவுக்குத் தெரு கடலை மிட்டாய்ப் பட்டறை, வீட்டுக்கு வீடு சொத்தைப் பல், அதனால் அந்த ஊரில் கோயில் இல்லாத தெருகூட உண்டு, பல்வலி இல்லாத தெரு கிடையாது. அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில், ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் டாக்டர் சண்முகவடிவும் அந்தப் பக்கம் அவள் கணவர் டாக்டர் கோமதிநாயகமும் பல் பார்த்து வந்தார்கள். இவர்களுடைய கல்யாணத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஜாதகத்துக்கு முன்னால் பட்டத்தைத்தான் பொருத்திப் பார்த்தார்கள், சீராக நோயாளி உட்காரும் நாற்காலி இரண்டு வந்து இறங்கியது, தட்டில் வைத்துத் தூக்க முடியாது என்பதால் லாரிக்கே ஆரத்தி எடுத்தார்கள்.

காப்பாற்றக்கூடிய பல் அவளுக்கு, பிடுங்க வேண்டிய பல் அவருக்கு. இப்படித்தான் பிரிந்திருந்தது வேலை. உண்மையில் பிடுங்குவதிலும் வடிவுதான் கெட்டிக்காரி, அவள் பிடுங்கி முடித்த பிறகு 'எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?' என்று கேட்ட நோயாளிகள் உண்டு, கல்லூரியில் அவளுக்கு மேல் வகுப்பில் படித்த கோமதிநாயகத்தின் காது வரைக்கும் அந்தப் பெயர் போயிருந்தது. ஆனால் கல்யாணமான புதிதில் குறடுகளையும், ஈறை விலக்கிப் பல்லை நெம்புகிற எலிவேட்டர்களையும் அவர் பேசாமல் தம் பக்கத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டார். அவளும் பேசாமல் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் கீழ்க்கடவாய்ப் பல் குறட்டின் கீல் ஆட்டம் கண்டுவிட்டது என்று மதுரையிலிருந்து புதிதாக ஒன்று வரவழைத்தார்கள். பார்க்க எல்லாக் குறடும் போலத்தான் இருந்தது. அதைக்கொண்டு முதலில் பல் எடுத்தது மாரிக்கனிக்கு. பட்டறையில் கடலைக்குத் தோல் நீக்குகிற வேலை அவளுக்கு, வயது நாற்பதுக்கு மேல், ஆறு பிள்ளைகள் பிறந்த வீட்டில் மூத்தவள். ஊசி போட்டு, மரத்து, நெம்பி, குறட்டால் பிடித்து அசைத்து எடுத்த பல்லை கோமதிநாயகம் ஸ்டீல் தட்டில் போட்டார். தட்டில் ணங்கென்று விழுந்த பல், எட்டு வயதுப் பிள்ளையின் குரலில், "எனக்கும் ஒரு தோசை போடும்மா" என்றது.

"யாரு பிள்ள அது?" என்று திரும்பிப் பார்த்தாள் உதவிக்கு நின்ற அன்னபாக்கியம். இரண்டு பக்கத்துக்கும் அவள் ஒருத்திதான் சிஸ்டர்.

மாரிக்கனி பஞ்சைக் கடித்தபடி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். தம்பி தங்கைகளுக்குப் போட்டதுபோக மாவு தீர்ந்த நாளில், அம்மா 'போதுமா தாயி?' என்று கேட்க, அவள் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாளே, அந்தப் பல். வெளியே பெஞ்சில் இருந்த அவள் புருஷன் காதிலும் அது விழுந்தது, அவன் மாடிப்படி இறங்கிப் போய் நெய் தோசை பார்சல் வாங்கி வந்தான். சூடாகத் தின்னக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஆறவிட்டுத் தின்றாள்.

இது வேறு ஊரில் நடந்திருந்தால் என்னென்னவோ ஆகியிருக்கும். வேம்பங்குளத்துக்காரர்களுக்கு வேலை அதிகம், ஆச்சரியப்பட்டுக்கொண்டு நின்றால் பாகு பதம் தப்பிவிடும், அதனால் ஊருக்குக் கரண்ட் வந்ததை எப்படி ஏற்றுக்கொண்டார்களோ அப்படி இதையும் ஏற்றுக்கொண்டு, இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன் என்று ஆண்டாண்டு காலமாகச் சொல்லி வந்தவர்கள்தானே, கடித்த பேச்சு அந்தப் பல்லுக்கு அடியிலேயே கிடக்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. கீழ்க்கடவாய்ப் பல் மட்டும்தான் பேசும் என்பதையும் சீக்கிரமே கண்டுகொண்டார்கள், முன்பல்லால் யார் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். குளத்துக்கரையில் பேச்சியம்மன் பீடம் இருக்கிறது, பேச வைக்கிற குறட்டுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும் என்று அன்னபாக்கியம் அதற்குப் பேச்சி என்று பெயர் வைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, கைப்பிடியில் குங்குமம் வைத்தாள். கொதிக்கிற நீராவியில் வைத்து எடுக்கிறபோதெல்லாம் குங்குமம் போய்விடும், அவளும் மறுபடி மறுபடி வைப்பாள், கோமதிநாயகம் ஸ்பிரிட் பஞ்சால் அதைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

முப்பது வருடம் பாடம் நடத்திய ஹெட்மாஸ்டர் தவசிமுத்துவின் பல் "தெரியாது" என்று ஒரே வார்த்தை சொன்னது, அதற்குப் பிறகு பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு அவர் தாராளமாகத் தெரியாது என்று சொல்லத் தொடங்கினார், முகமே பத்து வயது குறைந்துவிட்டது. மாமியாருக்குப் பல் எடுக்க மருமகள் துணைக்கு வந்தாள், மருமகளுக்கு எடுக்க மாமியார் வந்தாள், இருவரும் கேட்டுவிட்டு ஒரே ஆட்டோவில் திரும்பிப் போனார்கள், சில ஆட்டோ நேராக வீட்டுக்குப் போயிற்று, சில ஆட்டோ பாதி வழியில் ஒருத்தியை இறக்கிவிட்டுப் போயிற்று. கவுன்சிலர் ஆள் அம்போடு வந்து உட்கார்ந்தார், அவர் பல் வெகுநேரம் தட்டில் கிடந்தும் ஒன்றும் சொல்லவில்லை, அவர் எதைத்தான் கடித்து வைத்திருக்கிறார், எல்லாவற்றையும்தான் மைக்கில் சொல்லிவிட்டாரே. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு திருடனைக் கூட்டிவந்து, ஏதாவது ஒரு பல்லைப் பிடுங்குங்க சார் என்று நின்றார். நல்ல பல்லில் கை வைக்கமாட்டேன் என்று கோமதிநாயகம் சொன்ன செய்தி ஊரெல்லாம் பரவியது. பரவியதும் என்ன செய்தார்கள் தெரியுமா, நல்ல பல் வைத்திருந்தவர்களெல்லாம் படுக்கப் போகும்போது கடலை மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, கொப்பளிக்காமல் தூங்க ஆரம்பித்தார்கள். தட்டில் விழுந்த பேச்சை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்று ஊரே சேர்ந்து ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டது, அதை மீறாதவர்கள் அந்த ஊரில் பேசத் தெரியாத குழந்தைகள் மட்டும்தான்.

இதையெல்லாம் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் வடிவு. கேட்டுக்கொண்டிருந்தாள் என்றால் அரைகுறையாகத்தான், பிளைவுட் வழியாகக் குரல் வரும், வார்த்தை வராது. ணங்கென்று சத்தம், பிறகு ஏதோ ஒரு குரல், பிறகு யாரோ விசும்புவார்கள் அல்லது சிரிப்பார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து கோமதிநாயகத்தைக் கும்பிடுவார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. அதை வேறு மாதிரி சொல்லிப் பூசி மெழுகுவதற்கு ஒன்றுமில்லை, பொறாமைதான், பச்சைப் பொறாமை. அவளிடம் வேர் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து அந்தப் பக்கம் போனார்கள்.

"பாதி வேரைச் சுத்தம் பண்ணியிருக்கேன், இன்னும் ரெண்டு தடவை வந்தா பல்லு பொழைச்சிரும்" என்று அவள் ஒருத்தியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள்.

"பொழைக்க வேண்டாம் டாக்டரம்மா" என்றாள் அவள், "உள்ள கெடக்கது வெளிய வந்தாப் போதும்."

ஆள் போனதுகூடப் பெரிதில்லை. அந்தப் பெயர்தான் அவளைக் குத்தியது. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் கேட்பது 'பேச்சி எங்க?' என்றுதான். அவள் நன்றாக உட்கார்ந்திருக்கிறாளா, அவளுக்கு எண்ணெய் விட்டாயா, அவளைத் துணியில் சுற்றினாயா. அன்னபாக்கியம் 'அவ' என்று சொல்லச் சொல்ல அவர் வாயிலும் 'அவ' வந்துவிட்டது. ஊரிலுள்ள கடவாய்ப் பல்லெல்லாம் மனம் திறந்து பேசுவதைப் பகல் முழுக்கக் கேட்டுவிட்டு வருகிற மனுஷன், வீட்டில் 'ம்', 'போதும்', 'ஃபேனைக் குறை' என்பதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. அவர் முன்பும் அப்படித்தான் இருந்தார். ஆனால் முன்பு உலகத்துக்கே அப்படி இருந்தார், இப்போது அவளுக்கு மட்டும் அப்படி இருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

பொறாமை வந்தவள் சும்மா இருப்பாளா. ஒரு நாள் காலையில் அவர் வருவதற்கு முன்பே போய், மஞ்சள் துணியிலிருந்து பேச்சியை எடுத்துத் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, அதே அளவில் இருந்த சாதாரணக் குறட்டைத் துணியில் சுற்றி வைத்தாள். அன்றைக்கென்று வந்தவர் சிவனணைந்த பெருமாள், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், போன மாசிமாதம்தான் மனைவி தவறியிருந்தாள். தேய்த்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கோயிலுக்குப் போவதுபோல வந்திருந்தார். அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, என்னவென்று மறந்துபோய்விட்டது, அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னார். பல் தட்டில் விழுந்தது. அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார், பல்லைத் திருப்பிப் போட்டு மறுபடி கேட்டார்.

"அவ்வளவுதானா சார்?" என்றார் கடைசியில்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் வடிவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. இறங்கிப் போகிற பெரியவரின் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியிலும் அவளைத் திட்டுவதுபோல இருந்தது, ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எழுந்தேவிட்டாள். அப்போதுதான் அந்தப் பக்கம் கோமதிநாயகம் சொன்னார்.

"அன்னபாக்கியம், இது அவ இல்லியே. கையில கனமே வேற மாதிரி இருக்கு."

எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புதுப் புடவை கட்டினால் தெரியாது, தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றால் தெரியாது, அம்மா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் 'போயிருந்தியா?' என்று கேட்பார். அந்தக் கைக்கு ஒரு இரும்புத் துண்டின் கனம் தெரிந்திருக்கிறது. பெரியவருக்குச் செய்த பாவம்கூட அந்த நிமிஷத்தில் பின்னால் போய்விட்டது. அவர் எழுந்து தடுப்பு வரைக்கும் வந்தார், வந்து நின்ற இடத்தில் பல்லைக் கடித்தார், நறநறவென்று அது பிளைவுட் வழியாக நன்றாகக் கேட்டது. பிறகு 'ஸ்' என்று மூச்சிழுத்துக்கொண்டு கன்னத்தைப் பிடித்தார்.

அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது, இவர் வாயிலும் ஒன்று கிடக்கிறது. வீட்டுக்குக் கிளம்புமுன் பேச்சியைப் பழையபடி மஞ்சள் துணியில் சுற்றி வைத்தாள். மதியச் சாப்பாட்டில் பார்த்தாள், வலப்பக்கமாகவே மென்றார்.

"இடது பக்கம் என்ன?"

"ஒண்ணுமில்ல."

"கிராம்புத் தைலம் மணக்கு."

"ம்."

"ஊரு பல்லையெல்லாம் புடுங்குதீங்க, உங்களுக்குன்னு வந்தா கிராம்பா? வாயைத் தொறங்க, பாக்கேன்."

"தானாச் சரியாயிரும், வடிவு."

பல் டாக்டர் பேசுகிற பேச்சா இது? நோயாளி யாராவது இப்படிச் சொன்னால் இதே மனுஷன் எரிந்து விழுவார். அப்படியானால் பயப்படுகிறார், பயப்படுகிறார் என்றால் அந்தப் பல்லில் யாரோ இருக்கிறாள், இப்படிப் படிப்படியாக ஏறிப் போய் வடிவு அந்த யாரோவுக்கு மூக்கும் முழியும் வைத்து, நீளச் சடை பின்னி, கல்லூரி காண்டீனில் அவருக்கு எதிரே உட்கார வைத்தும்விட்டாள். வாய்க்கு வந்த பெண் பெயரையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் குரலில் சொல்லிப் பார்த்தாள், எல்லாமே பொருந்துகிற மாதிரிதான் இருந்தது.

டாக்டரின் கன்னம் லேசாக வீங்கியதும் ஊருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. டாக்டர் பல் என்ன சொல்லும் என்பதைத் தவிர டீக்கடையில் வேறு பேச்சில்லை. இத்தனை பேர் கதையைக் கேட்டவர், அவர் பல் மகாபாரதம் மாதிரி நீளமாகச் சொல்லும் என்றார்கள் சிலர். பெண்கள் வடிவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், மாரிக்கனி ஒருத்தி மட்டும் படியேறி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எது வந்தாலும் தைரியமா இருங்க டாக்டரம்மா" என்றாள். பொறாமையைக்கூடத் தாங்கிக்கொண்டிருந்த வடிவால் அந்தப் பரிதாபத்தைத் தாங்க முடியவில்லை.

"உக்காருங்க, நானே எடுக்கேன்" என்றாள் மறுநாள் காலையில். வலியில் கறுத்துப்போயிருந்த கோமதிநாயகம் மறுக்காமல் தம் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார். வடிவு தடுப்பைத் தாண்டி வந்து, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு குறடு பிடித்தாள், அதுவும் பேச்சியை. கையில் எடுத்துப் பார்த்தால் மற்றக் குறடு மாதிரிதான் இருந்தது. இவ்வளவுதானாடி நீ என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

"எந்தப் பல்லு?"

அவர் விரலை விட்டுக் கீழே இடப்பக்கம் முதல் கடவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார். வேறு யாராக இருந்தாலும் வடிவு முதலில் வாய்க்குள் பார்க்கிற கண்ணாடியின் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்திருப்பாள், எக்ஸ்ரே எடுத்திருப்பாள், நோவு ஒரு பல்லில் இருக்க நோயாளி பக்கத்துப் பல்லைக் காட்டுவது எத்தனை சகஜம் என்று அவளுக்குத் தெரியாதா. அன்றைக்கு அந்தப் பொறுமை இல்லை. ஊசியைப் போட்டாள், உதடு மரத்ததா என்று கேட்டாள், நெம்பினாள், பேச்சியால் பிடித்து ஆட்டி ஒரே சீராக எடுத்தாள், எடுத்த கையோடு தட்டில் போட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பல், புது மாப்பிள்ளைக் குரலில், கூச்சத்தோடு, "சாம்பார்ல உப்பே இல்ல" என்றது.

வெளியே பெஞ்சுகள் அதிரச் சிரித்தார்கள். அன்னபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். வடிவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, இத்தனை நாள் எரிந்த வயிற்றில் யாரோ ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாற்போல இருந்தது, சிரித்துக்கொண்டே பல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். வேர் முழுசாக வந்திருக்கிறதா என்று கழுவிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் உண்டு. வேர் முழுசாகத்தான் இருந்தது. திருப்பினாள், மேலே குழி இல்லை, பக்கத்தில் சொத்தை இல்லை, இடுக்கில் கறுப்பு இல்லை. சாகிற வரைக்கும் கடலை மிட்டாய் கடிக்கக்கூடிய முத்தான பல்.

நோயாளிக்குப் பல் தவறலாம், டாக்டருக்கு அடுத்தவன் வாயில் தவறலாம், தன் சொந்த வாயில் டாக்டருக்குத் தவறாது. தெரிந்தேதான் காட்டியிருக்கிறார். ஒன்றை மறைக்க வேண்டும் என்பதற்காக ஒரு நல்ல பல்லைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார் என்றால் அந்த ஒன்று அவருக்கு எவ்வளவு உசத்தியாக இருக்க வேண்டும். மதியம் ஷட்டரை இறக்கியதும் கேட்டாள்.

"நோவு எதுல?"

அவர் ஒளிக்கவில்லை, பஞ்சு வைத்த இடத்துக்கு அடுத்ததைத் தொட்டார்.

"யாரு அவ?"

"அப்படி யாருமில்ல வடிவு" என்றார், "ஆனா அது ஒன் காதுல விழக்கூடாது."

சாயங்காலம் அவர் பசிக்கிறது என்றதற்கு ரசத்தில் சாதத்தைக் கரைத்துக் கொடுத்தாள், உப்பை மட்டும் தனியாக ஒரு கிண்ணம் நிறைய முன்னால் வைத்தாள்.

விடிந்ததும் வலி காது வரைக்கும் ஏறியிருந்தது. நேற்றைய பல் நல்ல பல் என்பது எப்படியோ கசிந்து, ஊர் முழுக்க மாடிப்படியில் நின்றது, பட்டறைகளில் அன்றைக்குப் பாகு காய்ச்சவில்லை. கோமதிநாயகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தம் நாற்காலியில் விழுந்தார்.

"புடுங்கிரு" என்றார். "இனி என்னால முடியாது. வாரது வரட்டும், கேட்டுக்கோ."

அன்னபாக்கியம் பேச்சியைத் தட்டில் வைத்து நீட்டினாள். வடிவு கையில் எடுத்துவிட்டாள். படியில் ஒரு இருமல்கூட இல்லை. அவள் இத்தனை நாள் தவித்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான், இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த நீளச் சடைக்காரி யாரென்று தெரிந்துவிடும். தெரியட்டும், ஆனால் யார் சொல்லித் தெரியப்போகிறது, இந்தக் குறடு சொல்லி. புருஷன் தனக்குச் சொல்லாததை ஊரார் முன்னால் இவள் பிடுங்கிக் கொடுக்க, தான் கைநீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. சடைக்காரியின் மேல் இருந்த பொறாமையைவிடப் பேச்சியின் மேல் இருந்த பொறாமை ஒரு பிடி கூடவே இருந்தது.

"எந்திரிங்க" என்றாள். "என் நாற்காலிக்கு வாங்க."

இத்தனை வருடத்தில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். ஊசி போட்டாள். பக்கத்தில் வந்து நின்ற அன்னபாக்கியத்தின் தட்டில் பேச்சியைத் திருப்பி வைத்தாள்.

"இதை அந்தப் பக்கம் கொண்டுபோய் வை."

"அப்போ புடுங்கலியா டாக்டரம்மா?"

"காப்பாத்தப் போறேன்."

"வேர் வைத்தியமா! அது ஒண்ணும் பேசாதே" என்று படியிலிருந்து ஒரு குரல் வந்தது, அதைத் தொடர்ந்து ஏமாற்றத்தில் ஊரே உச்சுக் கொட்டியது. வடிவு வேருக்குள் விட்டுச் சுத்தம் செய்கிற மெல்லிய வேர்க் கம்பிகளை எடுத்து அளவு பார்த்து வரிசையாக வைத்தாள். கோமதிநாயகம் அவற்றைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பாதி உதடும் பாதி நாக்கும் அதற்குள் மரத்துவிட்டிருந்தன, ஏன் என்று கேட்க முயன்றார், காற்றுத்தான் வந்தது.

"உங்களுக்குன்னு ஒரு வாய் இருக்குல்ல" என்றாள் வடிவு. அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் சொன்னாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் சுட்டது. "சொல்லணும்னா அது சொல்லட்டும். சொல்ல முடியாதுன்னா உள்ளயே கெடக்கட்டும், நான் மேல சிமெண்ட்டைப் போட்டு மூடிருதேன். அவ சொல்லி நான் எதையும் கேக்க மாட்டேன்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழிகிற எச்சிலைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு பேச ஆரம்பித்தார். உதடு கூடாமல், நாக்கு மடங்காமல் வந்த அந்தப் பேச்சு படியில் நின்ற ஒருவருக்கும் விளங்கவில்லை, அன்னபாக்கியத்துக்குக்கூட ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் வடிவு மரத்த வாய்களின் பேச்சைக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவள், உலகத்தில் பல் டாக்டர்களுக்கு மட்டும் தெரிந்த பாஷை அது, அவளுக்கு ஓர் எழுத்து தப்பாமல் விளங்கியது. 'நீ என்னைவிடக் கெட்டிக்காரின்னு காலேஜ்ல எல்லாரும் சொல்லுவாக. எனக்குப் பொறுக்கல. தாலி கட்டுததுக்கு முன்னால, வேண்டாம்னு எந்திரிச்சிரலாம்னு நெனச்சேன். எங்க ஐயா பாத்துக்கிட்டு நின்னாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கட்டிட்டேன்.' அவ்வளவுதான் சொன்னார். அந்த 'வேண்டாம்' மட்டும் முன்னும் பின்னும் உதிர்ந்து 'ஏண்டா' என்று வந்தது.

வடிவு கையுறையைக் கழற்றினாள், மறுபடி போட்டுக்கொண்டாள். சடைக்காரி என்று ஒருத்தி இல்லவே இல்லை, இத்தனை நாள் யாரைச் சபித்தாளோ அவள் கரைந்துபோனாள், அவள் இருந்த இடத்தில் அவர் பிடிக்காமல் தாலி கட்டிய ஒருத்தியாகத் தானே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எரிச்சலைவிட இது வேறு மாதிரி வலித்தது, அலமாரி நிறைய அவர் அடுக்கி வைத்துக்கொண்ட குறடுகள் ஞாபகத்துக்கு வந்தன. அதேசமயம், வெட்கமில்லாமல், உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது, இவரும் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறார்.

"இப்ப?" என்று கேட்டாள்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"அன்னைக்கு வேண்டாம். சரி. இப்ப?"

"ஏணு" என்றார் கோமதிநாயகம்.

அது என்ன சொல் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு, கையிலிருந்த வேர்க் கம்பி இரண்டாகத் தெரிந்தது.

"வெளங்கல" என்றாள். "திருப்பிச் சொல்லுங்க."

"ஏணு."

"சரியாக் கேக்கல."

கம்பி மாற்றும்போதெல்லாம் கேட்டாள், தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுக் கேட்டாள், அவர் குனிந்து துப்பிவிட்டு நிமிரும்போது கேட்டாள். வாயை அகலத் திறந்தபடி அவரும் சலிக்காமல் சொன்னார். படியில் நின்ற ஊர், டாக்டரம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து பட்டறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தது. வேரைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து முடித்த பிறகும் அவள் அவரை எழுந்திருக்க விடவில்லை, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வெயில் தணிந்து, மரப்பு மெல்ல மெல்ல விட்டு, உதடு கூடி, 'வே'யும் 'ம்'மும் முழுசாக வருகிற வரைக்கும், விளங்கவில்லை, விளங்கவில்லை என்று சொல்லி அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக்கொண்டே இருந்தாள்.